பேரக் குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண் பிரசவத்துக்கு வந்ததுமே தாத்தா பாட்டியான நாம் கேட்பது, "என்ன வாங்கித் தரட்டும்?" இப்போதெல்லாம் பல வீடுகளில் வரும் பதில், ஸ்ட்ரோலர்.

வங்கியில் செக் வந்தால் முதலில் தேதியையும் கையெழுத்தையும் பார்ப்போம். அதுபோல இதிலும் விலை, நிறம், கம்பெனி எல்லாம் பிறகுதான். முதலில் பார்க்க வேண்டியது, சாய்மானம் முழுவதும் படுக்கையாக மட்டமாகிறதா என்பது.

பிறந்த குழந்தைக்குத் தலை நிற்காது. பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கினால் தலை கவிழ்ந்து, முகவாய் நெஞ்சில் படும், மூச்சு தடைபடலாம். அப்போது அழக்கூட முடியாது. பார்ப்பவர்களுக்குத் தூங்குவது போலவே தெரியும். ஆகவே ஏறக்குறைய ஆறு மாதம் வரை மட்டமாகப் படுக்கும் வண்டிதான் சரி.

குடைபோல் மடங்கும் லேசான வண்டியை 1965-ல் இங்கிலாந்தில் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர். அந்த வகை பொதுவாக உட்காரத் தெரிந்த குழந்தைக்குத்தான். 2009-ல் அவர் பெயரில் இயங்கிய நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை தர வேண்டி வந்தது. மடக்கிப் பிரிக்கும்போது கீலில் சிக்கிச் சில குழந்தைகளின் விரல் நுனி துண்டானதே காரணம். எனவே கீலைப் பாருங்கள். வண்டியை விரிக்கும்போது குழந்தையைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது தோள், இடுப்பு, தொடையிடை மூன்றையும் பிடிக்கும் ஐந்து முனை பெல்ட், உறுதியான பிரேக், பெரிய சக்கரம். பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் எந்தச் சக்கரமும் ஓடும். சேக்காட்டில் தோண்டி மூடிய தெருவிலும் ஓட வேண்டுமே!

வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடாதீர்கள். உள்ளே காற்று நின்று சூடு ஏறும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டினால் வண்டி பின்பக்கம் சாயும். குழந்தை தூங்கிவிட்டால், வீடு வந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

அக்கம்பக்கத்தில் பழைய வண்டி கிடைத்தாலும் இதே சோதனைதான். கடையிலேயே சாய்த்து, மடக்கி, பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். மட்டமாகப் படுக்கும் வண்டி பட்ஜெட்டில் அமையவில்லையா? பணத்தை ஆறு மாதம் டெபாசிட்டில் போடுங்கள். அதுவரை நம் தோளும் மடியும் போதும்.