பத்துக்குப் பன்னிரண்டு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் தொழிலுக்குப் போனவர்கள் சார்பில் இங்கே நிற்கிறோம். குரல் ஒன்றுதான் என்றாலும் பேச்சை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் எழுதினோம். அழைப்பு விடுத்தபோது சங்கச் செயலாளர் அக்கா, "சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் பிள்ளைகளே" என்றார். நாங்கள் தேர்ந்தெடுத்த தலைப்பு வீட்டு உள்ளலங்காரம். தலைப்பு மாறிவிட்டது என்று அக்கா நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றுதான் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

எட்டாம் வகுப்பில் மனையியல் பாடத்தில் ஒரு நாள், "என் வீடு" என்று படம் வரையச் சொன்னார் டீச்சர். எங்களில் பாதிப் பேருக்கு மேல் லயத்துப் பிள்ளைகள். ஆனால் அன்று வகுப்பில் ஒரு லயம்கூட வரையப்படவில்லை. எல்லோரும் சிவப்பு ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், நடுவில் கதவு, வாசலில் பூந்தொட்டி என்று வரைந்தோம். ஒருத்தி மாடிவீடே கட்டிவிட்டாள். டீச்சர் எதுவும் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி போட்டார்.

கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் அன்று கொப்பியைக் கொடுக்கவில்லை. மறுநாள் கொண்டு வந்தாள். அம்மாவின் மட்டக்கம்பை வைத்துக் காம்பராவை அளந்து, ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டு வரைந்திருந்தாள். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்தில் முழு வீடும் அடங்கியிருந்தது.

"ஜன்னல் ஒன்றுதானா பிள்ளை?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒன்றுதான் டீச்சர். அதுவும் இஸ்தோப்புப் பக்கம்தான்."

டீச்சர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டினார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டைத்தான் எல்லோருக்கும் காட்டிவிட்டாள் என்று அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. முப்பது வருடம் கழித்து இந்த மேடையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

ஏனென்றால் அந்தப் படத்தில் எங்களுக்கு அன்று தெரியாத ஒன்று இருந்தது. அது அவள் அம்மாவின் வடிவமைப்பு. 120 சதுர அடியில் ஆறு பேர் உறங்க, சமைக்க, படிக்க, சாமி கும்பிட, விருந்தாளி வந்தால் உட்கார வைக்க இடம் வேண்டும். எங்கள் அம்மாமார் அதைச் செய்தார்கள். தகரப்பெட்டி பகலில் இருக்கை, இரவில் படிக்கும் மேசை. மூத்த பெண் பெரியவளானால் குறுக்கே ஒரு கொடி கட்டி, பழைய சேலையைத் தொங்கவிட்டால் அவளுக்கு ஓர் அறை கிடைத்துவிடும். கூரை மரத்தில் கட்டிய சேலையில் கைப்பிள்ளை தூங்கும். அடுப்புக்கு மேலே பரண். அதில் கவ்வாத்து மிலாறு காயும். கிழக்குச் சுவரில் சாமிப்படங்கள், அவற்றுக்குக் கீழே கடைக்காரர் தந்த கலண்டர். பலகைத் தட்டில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் சாம்பல் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் மின்னும். வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்ததே பாதி அந்தப் பாத்திரங்கள்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தை நினைத்துப் பாருங்கள். புகை ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அதில் கொஞ்சம் நீலம் கலப்பதா வேண்டாமா என்பது பெரிய விவாதம். காற்று புகும் இடங்களில் கோதுமைமாப் பசை காய்ச்சிப் பத்திரிகைத் தாள் ஒட்டுவோம். எழுத்து தலைகீழாகிவிடாமல் பார்ப்பது எங்கள் வேலை. தரையைச் சாணம் போட்டு மெழுகி, ஈரம் காயும் முன் ஓரத்தில் கைவிரலால் அலை வடிவம் இழுப்பார்கள். இஸ்தோப்பில் பால்மாத் தகரத்தில் ஜெரேனியம். வேலை முடிந்ததும் லயம் முழுவதும் காம்பரா காம்பராவாகப் போய்ப் பார்க்கும். முதல் காம்பராவில் நூல் பின்னிய திரை வந்தால் அடுத்த தீபாவளிக்குள் கடைசிக் காம்பரா வரை அது போய்விடும். யாரும் பணம் வாங்காமல், பட்டம் பெறாமல், ஒருவருக்கொருவர் பார்த்துக் கற்றுக்கொடுத்த ஒரு கலைக்கூடம் அது. அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மற்ற இடங்களில் இதற்குப் பெயர் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கை அறைகளாயின. இரும்புத் தூண்களும் ஜன்னல் வரிசையும் அப்படியே இருக்கின்றன. பார்க்க வேண்டிய வேலைதான், குறை சொல்ல எதுவும் இல்லை. காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தொரைமார் பங்களாக்களும் 2005 முதல் விருந்தினர் விடுதிகளாகி உலகம் முழுவதும் பேசப்படுகின்றன. தொழிற்சாலையும் பங்களாவும் அழகுக்கு எடுத்துக்காட்டாகிவிட்டன. லயம் மட்டும் பரிதாபத்துக்கு எடுத்துக்காட்டாக நின்றுவிட்டது. கம்பளைக்கு அருகே நியூ பீக்கொக் தோட்டத்தில் 2007 முதல் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு பழைய லயத்திலேயே அமைந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள். நம் பாட்டிமார் கையாண்ட பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போதுதான் அவற்றின் மதிப்புத் தெரிகிறது.

ஆனால் அழகு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போக வைத்தியர்களால் முடியாது. அதே காம்பராவிலிருந்துதான் எங்களிடம் நோயாளிகள் வருகிறார்கள். வாழ்நாளில் சுருட்டோ பீடியோ தொடாத அம்மாவின் நெஞ்சில், நாற்பது வருடம் புகைபிடித்தவரின் நெஞ்சில் கேட்கும் அதே இழுப்புச் சத்தம் கேட்கிறது. காரணம் அடுப்பு. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்படியில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழியே இல்லை. சயரோகக் கிருமிக்கு அப்படிப்பட்ட அறைதான் பிடிக்கும்.

எங்கள் அம்மாமார் செய்ததில் சில மருத்துவமாகவே இருந்தன. சுண்ணாம்பு கிருமியைக் குறைக்கும். இருட்டறையில் ஒற்றை ஜன்னலின் வெளிச்சத்தை எல்லாச் சுவருக்கும் பங்கு போடும். சில அப்படி இல்லை. குளிருக்கு ஒட்டிய தாள் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணம் வளர்க்கும். காற்றுக்குப் பயந்து அடைத்த இடுக்கு, புகை போகும் வழியையும் அடைத்துவிடும். அது அவர்கள் குற்றமில்லை. நான்கு சுவரையும் வேறு யாரோ கட்டிவிட்டார்கள். உள்ளே மட்டும்தான் அவர்கள் கை ஓடியது.

சுவரைக் கட்டும் முன்பே கேட்டிருந்தால்? அப்படிக் கேட்ட ஒரு பெண் நம் மத்திய மாகாணத்திலேயே இருந்தார். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் அவர் கட்டிய முதல் வீட்டிலேயே உள்ளூர்க் கைவினைஞரின் தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் சுட்ட மண் ஓடுகளையும் வீட்டின் உறுப்பாகச் சேர்த்தார். 1950களின் இறுதியில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியருக்காகச் சுமார் 250 வீடுகள் கொண்ட திட்டம் அவர் கைக்கு வந்தது. பேனாவை எடுக்கும் முன், குடிவரப் போகிறவர்களுக்கு வினாத்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எங்கே வணங்குவீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை அவர்களிடமிருந்தே தெரிந்துகொண்டு, பல மாதிரிகளில் வீடு வரைந்தார்.

கேட்கும் பழக்கம் அவருக்கு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அவருடைய தாயார் ஆக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழு முன் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவில் கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்பது அவர் பதில். நம் பாட்டிமாரைப் பெண்கள் என்று எண்ணி ஒரு வார்த்தை பேசிய அந்தத் தாயை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் ஒரு கதை உண்டு. 1926இல் மார்கரெட் ஷுட்டே லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்குச் சமையலறை வரைந்தார். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை மாதிரியாகக் கொண்டார். ஒரு பெண் அடுப்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணினார். எழுபது சதுர அடிக்குள் அடங்கிய அந்தச் சமையலறை சுமார் பத்தாயிரம் வீடுகளுக்குப் போனது. சின்ன இடத்தைத் திட்டமிடுவதற்கும் பெரிய அறிவு வேண்டும் என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது. அந்த அறிவு நம் லயங்களில் அதற்கு முன்பே இருந்தது.

இன்று இதைப் பேசக் காரணம் இருக்கிறது. மலைச்சரிவுகளில் இப்போது தனிவீடுகள் எழுகின்றன. 550 சதுர அடி. காம்பராவைப் போல நாலரை மடங்கு. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து கிடைத்தது, சந்தோஷமாக வரவேற்கிறோம். ஆனால் நோயாளிகளைப் பார்க்கப் போன சில புதுவீடுகளில் ஒரே காட்சியைக் கண்டோம். உள்ளே பளிச்சென்று சமையல் மேடை. வீட்டுக்குப் பின்னால் தகரம் சாத்திய ஒரு கொட்டில், அதற்குள் பழைய விறகடுப்பு, பழைய புகை, பழைய இருமல். ஏன் அம்மா என்று கேட்டால், "உள்ளே விறகு எரித்தால் சுவர் கறுத்துப் போகும் டொக்டர்" என்கிறார்கள். வீட்டை வரைந்தவர் எரிவாயுவை நினைத்து வரைந்திருப்பார். 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றதே, அந்த நாளில் கொழும்பில் இருந்தவர்களும் விறகு தேடினார்கள். வரையும் முன் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: நீங்கள் எதில் சமைப்பீர்கள்?

அவர் சொல்லியிருப்பார். இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, அதில் நம் நாட்டிலேயே உருவான அனகி அடுப்பு. ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை வேகும். மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. கதவுக்கு எதிரே ஒரு ஜன்னல். பிள்ளை படிக்க ஒரு மூலை. இவை ஆடம்பரமில்லை. மருந்துச்சீட்டில் நாங்கள் எழுதித் தரும் மாத்திரையை விட இவற்றின் பலன் நீண்ட நாள் நிற்கும்.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு எங்கள் வகுப்பு சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் தங்கள் வீட்டை அளந்து வரையட்டும். அம்மாவை, பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது படமும் வரையட்டும்: எப்படி இருந்தால் நல்லது என்று. நம்மில் கட்டடக்கலை படித்தவர்கள் இருக்கிறார்கள், சித்திர ஆசிரியைகள் இருக்கிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் உள்ளலங்காரத் தொழில் செய்கிற தங்கைமார் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அளவுப்படம் வரையப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். புகையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நாங்கள் வந்து பேசுகிறோம். சேரும் படங்களைச் சங்கம் புத்தகமாக்கட்டும். வீடு கட்ட யார் வந்தாலும், செங்கல் இறங்கும் முன் அந்தப் புத்தகம் அவர்கள் மேசைக்குப் போகட்டும்.

எங்கள் தோழி அன்று வரைந்த படம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தச் சுவருக்கு எத்தனையோ தடவை வர்ணம் பூசிவிட்டார்கள். ஆனால் அவள் அளவு எங்களுக்கு மறக்கவில்லை. ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர்; கொப்பியில் ஒரு பக்கம். இனிமேல் வரையப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் போதாமல் போகட்டும். அந்த இரண்டாவது பக்கத்தில் அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே என்பதை அவர்களுடைய அம்மாமார் சொல்லட்டும்.