நிலைநீரின் அழுத்தமும் வடசென்னைக் கிணறுகளும்

(கொடுங்கையூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓடாது நிற்கும் நீருக்கு ஆற்றல் இல்லை எனக் கருதுவோர் பலர். அது பிழை. அசையாது நிற்கும் நீரும் தன்னைச் சூழ்ந்த கரையையும், தனக்கு அடியிலுள்ள நீரையும் ஓயாது அழுத்திக்கொண்டே இருக்கின்றது. ஓர் ஆழத்தில் அவ்வழுத்தம் மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரே அளவினது. ஆழம் மிகுந்தால் அழுத்தமும் மிகும். அகலம் மிகுந்தால் மிகாது. புழல் ஏரியில் 5 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தமும், 5 மீட்டர் உயரமுள்ள விரலளவுக் குழாயின் அடியில் நீர் தரும் அழுத்தமும் ஒன்றே. ஒல்லாந்து நாட்டுச் சீமோன் சுதெவின் 1586ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வைத்தார். ‘பிரசர்’ என்றால்தான் அறிவியல் என்று நினைப்பாரும் நம்மிடையே உளர். அழுத்தம் என்று சொன்னாலும் நீர் அதே அளவுதான் அழுத்தும்!

காற்றுக்கும் அழுத்தம் உண்டு. அது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்கு ஒப்பானது. தெருவோர அடிகுழாய் நீரை இழுப்பதாக நாம் சொல்கின்றோம். உண்மையில், குழாயினுள் காற்றைக் குறைத்தவுடன் வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகின்றது. ஆகவே நீர்மட்டம் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால், தோள் நோக அடித்தாலும் அக்குழாயில் நீர் வாராது. நீர்மூழ்கி எக்கிகளைத் தேடி மக்கள் ஓடியதன் பின்னணியில் இதுவும் ஒன்று.

இனி, கடலுக்கு வருவோம். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு எடை மிக்கது. எனவே 40 மீட்டர் கடல்நீரை ஈடுசெய்து நிற்க 41 மீட்டர் நன்னீர் வேண்டும். கடற்கரை மணலுக்குள் நன்னீர், கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்து நின்றால், அதற்கு அடியில் 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீர் ஏறாமல் தடுக்கப்படுகின்றது. ஒல்லாந்தின் கைபன் 1889இலும், செருமனியின் எர்சுபெர்க்கு 1901இலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதன் கொடுமை என்னவென்றால், மேலே அரை மீட்டர் நன்னீரை இறைத்தால் கீழே உவர்நீர் 20 மீட்டர் ஏறும். மணலினூடே நீர் மெல்லவே நகர்வதால் ஒரே நாளில் இது தெரியாது. தெரியவரும்போது கிணறு கரித்துவிட்டிருக்கும்.

நமக்கு வடக்கே மணலி. அதற்கும் வடக்கே மீஞ்சூர். ஏட்டில் ‘கொசத்தலையாறு’ எனத் திரிந்து நிற்கும் கொற்றலையாறும் ஆரணியாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து சேர்த்த மணற்படுகை அங்கே கிடக்கின்றது. 1960களின் இறுதியில் ஒன்றிய நாடுகள் அவையின் துணையோடு அப்படுகை ஆராயப்பெற்றது. பின்னர் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. மணலித் தொழிலகங்களுக்கும் அந்நீர் சென்றது. உழவரும் இறைத்தனர். நன்னீர் கடல் மட்டத்திற்கும் கீழே தாழ்ந்தது. தாழ்ந்தபின் கைபனின் கணக்குக்கே அங்கு வேலையில்லை. கடல் நேரே உள்ளே வந்தது. 1969இலேயே மீஞ்சூர்ப் பக்கம் உவர்நீர் புகுந்தமை தெரிந்தது. நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்தும் சட்டமோ 1987இல்தான் வந்தது! பதினெட்டு ஆண்டுகள்!

2010ஆம் ஆண்டு அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் நன்னீராக்கு நிலையம் திறக்கப்பெற்றது. உப்பைப் பிரிக்கக் கடல்நீரை நுண்சவ்வின் வழியே தள்ளுதல் வேண்டும். அதற்குக் காற்றழுத்தத்தைப் போல் 50 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை. அவ்வளவும் மின்சாரச் செலவு. மணலுக்குள் 1 மீட்டர் நன்னீர் கூலியின்றிச் செய்துவந்த காவல் வேலை எத்தகையது என்பது இப்போது விளங்கும்.

கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேலே ஒரு சாண் உயர்ந்தால், உவர்நீர் காலப்போக்கில் நாற்பது சாண் இறங்கும். கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அவரவர் வீட்டுக் கூரைக் குழாய் கிணற்றில் முடிகின்றதா, தெருக் கால்வாயில் முடிகின்றதா என்பதைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியவுடன் பாருங்கள்.