காடு தாண்டாத நத்தை

இன்றைய பயணம் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் தொடங்குகிறது. புனித அந்தோனியார் கோயிலுக்குப் பெயர்போன ஊர். கண்டி அரசன் 17ஆம் நூற்றாண்டில் இங்கே குடியிருத்திய போர்த்துக்கேயப் படைவீரரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது ஊரவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. மாக்கடல் தாண்டி வந்தவர்களும் வேர்விட்ட மண் இது. நாம் தேடிப்போவதோ காடு தாண்டாத ஓர் உயிரை.

இங்கிருந்து மாத்தளை, கண்டி கடந்து தெற்கே இறங்க இறங்க மழை கூடும். இரத்தினபுரிப் பக்கமாகச் சிங்கராஜ வனத்துக்குள் போவோம். காலில் அட்டை ஏறும், பரவாயில்லை. மழை விட்ட நேரத்தில் மரப்பட்டைகளைப் பொறுமையாகப் பாருங்கள். உருண்டையாக, சற்றுத் தட்டையாக, தவிட்டு நிற ஓட்டோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அக்காவஸ் நத்தை. இந்தப் பேரினத்தில் மூன்றே இனங்கள். மூன்றும் இலங்கையை விட்டு வேறெங்கும் இல்லை.

சிங்களத்தில் நிலநத்தையைக் 'கொளுபெல்லா' என்பார்கள். ஊமை நத்தை என்று பொருள். இந்த ஊமைக்குச் சொல்ல நீண்ட வரலாறு உண்டு. இதன் உறவினங்கள் மடகாஸ்கரிலும் சீசெல்ஸ் தீவுகளிலும் வாழ்கின்றன. தென்கண்டங்கள் ஒரே நிலமாய் இருந்த காலத்துச் சொந்தம் அது. மூன்றில் தெற்குக் கரைப்பக்கத்து இனமொன்றுக்கு 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். அந்தப் பெயருக்கு 'இரத்த வாய்' என்று பொருள்; ஓட்டின் வாய்விளிம்பு சிவந்திருப்பதால் வந்த பெயர்.

பகலில் அசையாது. ஈர இரவில் ஊர்ந்து, பட்டையில் படர்ந்த பாசியை மேயும். ஈரமண்ணில் இடும் முட்டைகள் சிலவே, ஆனால் பெரியவை. குஞ்சு ஓட்டோடுதான் வெளிவரும். நிழலும் சருகும் ஈரமும் போனால் இந்த வாழ்க்கையும் போய்விடும். பறவை பறந்து தப்பும், மான் ஓடித் தப்பும். நத்தைக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தின் அகலமே கடல்.

இலங்கையில் ஏறத்தாழ 250 நிலநத்தை இனங்கள் உண்டு. அவற்றில் ஐந்தில் நான்கு இந்தத் தீவுக்கே உரியவை. பாதிக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் காட்டியது. ஈரவலயக் காடு துண்டு துண்டாகிப் போனதே பெரிய காரணம். பலாவும் கமுகும் அடர்ந்த வீட்டுத் தோட்டங்களில் சில இனங்கள் இன்னும் பிழைத்திருப்பது ஆறுதல். காட்டுக்கு அவை ஈடாகா.

வீட்டுத் தோட்டத்தில் நத்தையைக் கண்டதும் உப்பை எடுக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிரைத் தின்னும் ஆபிரிக்கப் பெருநத்தை வெளியிலிருந்து வந்தது. அதன் ஓடு நீண்டு, கூர்முனையோடு, கோடுகள் கொண்டிருக்கும். மரத்தில் ஒட்டியிருக்கும் அந்த உருண்டை நத்தை நம்முடையது. அதையும் அதன் காலடிச் சருகையும் இருந்தபடியே விட்டுவிடுங்கள்.