கான் வெட்டும் கணக்கு



தோட்டத்தில் ஒரு கான். மேல் அகலம் 4 அடி, கீழ் அகலம் 1 அடி, ஆழம் 2 அடி, இரு சரிவுகளும் இரண்டரை அடி, நீளம் 20 அடி. நெடுகிலும் ஒரே வடிவம். ஆகவே இது பட்டகம்.

குறுக்குப் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கன அளவு. நாலும் ஒன்றும் ஐந்து, பாதி இரண்டரை, ஆழத்தால் பெருக்க 5 சதுர அடி. நீளத்தால் பெருக்க, வெட்டிய மண் 100 கன அடி.

கூலி கன அடிக்கு என்றால் கவனியுங்கள்! கீழ் அகலத்தை மட்டும் பிடித்தால் 40தான் வரும். மீதி 60 கன அடி உழைப்புக்குக் கூலி ஏது?

உள்ளே சிமெண்டு பூசவா? கீழ்ப்பக்கமும் இரு சரிவுகளும் சேர்ந்து 6 அடி; நீளத்தால் பெருக்க 120 சதுர அடி. மேற்பக்கம் திறப்பு, அதைச் சேர்க்கக்கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் அளவு நாடாவைக் கொடுங்கள். வீட்டருகே உள்ள கானை அளக்கட்டும்.