எழுத்துக் கூட்டிப் படித்தல்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏரி மராமத்தும் அன்று, எருக்குழியும் அன்று. முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேசப் போகிறோம். "அதற்கு ஆசிரியர் இருக்கிறாரே, எங்களுக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணலாம். நாற்றங்காலில் பயிர் வெளுத்தால், நடவு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த உழவரும் இருந்துவிடுவதில்லை. படிப்புக்கும் ஒரு நாற்றங்கால் உண்டு. முதல் மூன்று வகுப்புகளே அது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றைப் பாடம் படிக்கச் சொல்லுங்கள். விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு, இராகம் போட்டு, தடையின்றிப் படித்துவிடும். கேட்பவர் மனம் குளிரும். பிறகு அதே பாடத்திலுள்ள நான்கு சொற்களை வரிசை மாற்றிப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். சில குழந்தைகள் உடனே படிக்கும். சில குழந்தைகள் விழிக்கும். அவ்வாறு விழிக்கின்ற குழந்தை அதற்கு முன் செய்தது ஒப்பித்தலே. காது கேட்டதை வாய் சொன்னது. கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. விரல் ஒரு சொல்லில் நிற்க, வாய் வேறொரு சொல்லுக்குச் சென்றுவிடுவதைச் சற்றுக் கவனித்தாலே காணலாம்.

இதில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை. நினைவாற்றல் மிகுந்த குழந்தையே இவ்வாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பாடங்கள் நீளும்; கணக்குகூட வாக்கியமாக வரும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய எவராலும் இயலாது. அப்பொழுது அந்தக் குழந்தை பின்தங்கும். நாணத்தால் பின்வரிசைக்குச் செல்லும். ஒருநாள் தலைவலி என்றும், மறுநாள் வயிற்றுவலி என்றும் சொல்லி, முடிவில் பள்ளிக்கு வராமலே நின்றுவிடும். 'பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை' என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். எழுத்தும் ஒலியும் அப்பிள்ளையின் மனத்தில் ஒன்றுசேரவில்லை என்பதை முதல் வகுப்பிலேயே கண்டறிந்திருந்தால், சில வாரப் பயிற்சியிலேயே பெரும்பாலும் சீர்செய்திருக்கலாம்.

எழுத்தைக் கண்டதும் அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளை இடைவெளியின்றி இணைத்துச் சொல்லாக்குவதே எழுத்துக் கூட்டுதல். நம் பெரியோர்கள் திண்ணைப் பள்ளிகளில் 'பானா, டானா, இம்மன்னா, படம்' என்று கூட்டினார்கள். பானா என்பது எழுத்தின் பெயர். 'ப' என்பது அதன் ஒலி. பெயரைச் சொல்லிக் கூட்டும்பொழுது, அதிலுள்ள நீட்டலையும் 'னா'வையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் குழந்தை சேர்க்கவேண்டியிருக்கிறது. தேங்காயை மட்டையோடு அம்மியில் வைப்பது போன்றதே இது. பெயர்களே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எழுத்தைக் குறிப்பிட்டுப் பேசப் பெயர் வேண்டும். ஆனால் படிக்கும் நேரத்தில் ப, ட, ம் என்று ஒலிகளையே சொல்லவேண்டும். முதலில் மெதுவாக, பிறகு விரைவாகச் சொன்னால் 'படம்' என்று குழந்தையின் காதே பிடித்துக்கொள்ளும்.

புள்ளி வைத்த எழுத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. 'ம்' என்பதை முனகிக் காட்டலாம். 'ப்', 'ட்' என்பனவற்றைத் தனியே ஒலித்துக் காட்டுவது பெரியவர்களுக்கே கடினம். ஆகவே புள்ளியெழுத்துகளைத் தனியே ஒலிக்கச் சொல்லிக் குழந்தையை வருத்தாமல், முன்னெழுத்தோடு சேர்த்தே பழக்கவேண்டும். கல், பல், மண், கண் என்று சொல்லிக்கொண்டே போனால் ஈற்றொலி தானே பிடிபடும்.

பிற நாட்டாரும் இதைப் பற்றி நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. அவை சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. 'புட்' என்ற சொல்லிலும் 'பட்' என்ற சொல்லிலும் நடுவே இருப்பது ஒரே எழுத்துத்தான். இவ்வளவு முரண் இருப்பதால் சொல்லை முழு உருவமாகவே பார்த்து மனத்திற்கொள்ளட்டும் என்று ஒரு சாரார் வாதாடினர். அமெரிக்காவில் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த தேசியக் குழு ஒன்று, ஒலிகளை முறைப்படி வரிசையாகக் கற்பிப்பதே சிறந்த பயன் தருகிறது என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு ஒரு சிறு சோதனை நடத்துகிறார்கள். நாற்பது சொற்களைப் படிக்கவேண்டும். அவற்றுள் பாதி பொருளற்ற பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லை யாரும் மனப்பாடம் செய்து வந்திருக்க முடியாதல்லவா? இந்த உபாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நமக்கும் உதவும்.

ஆங்கிலக் குழந்தைக்கு இல்லாத நற்பேறு தமிழ்க் குழந்தைக்கு உண்டு. தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கத்தக்கது. எழுத்துகள் 247 என்றதும் மலைப்பவர் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது கணக்கு. ஆனால் 247 உருவங்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்யவேண்டியதில்லை. உயிரும் மெய்யும் தெரிந்து, சில குறிகளும் தெரிந்தால் போதும். கியில் உள்ள கொக்கியே மியிலும் பியிலும் இருக்கிறது. கு, து, பு, மூ முதலிய உகர ஊகார எழுத்துகள் மட்டும் ஒழுங்கு மாறி நிற்பன. அங்கே நின்று நிதானமாகப் பழக்கவேண்டும். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னே நிற்கும், ஒலியோ பின்னே வரும். கண் ஒன்றை முதலில் காண, காது மற்றொன்றை முதலில் கேட்கும். கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கும். இவற்றை முதல் மாதத்திலேயே திணிப்பது தவறு என்பது நம் கருத்து.

முதியோர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் பள்ளியில் கற்ற ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் இன்றைய பாடநூலில் இரா. பெரியார் தம் குடிஅரசு ஏட்டில் 1935 முதல் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யைப் பேரப்பிள்ளைக்கு எழுதிக் காட்டினால் அது திகைக்கும்.

எழுத்து ஒன்றாக இருந்து ஒலி மாறும் இடங்களும் தமிழில் சில உள. கடல், அகல், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலிகள் மூன்று. இதற்கு விதி சொல்லிக் கொடுக்கவேண்டாம். தமிழ் பேசும் குழந்தை கூட்டிச் சொன்னதும், தான் அறிந்த சொல்லாக இருப்பின் தானே திருத்திக்கொள்ளும்.

அறிந்த சொல்லாக இருப்பின் என்றோம். இங்கேதான் உண்மையான தடை இருக்கிறது. நாம் வீட்டில் பேசும் தமிழ் வேறு. புத்தகத் தமிழ் வேறு. 'மி, ள, கா, ய்' என்று ஓர் எழுத்தும் பிழையாமல் கூட்டிய குழந்தை, அது என்ன பொருள் என்று தெரியாமல் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதன் வீட்டில் இருப்பது மொளகா! இலை என்பது வீட்டில் எலை. உலக்கை என்பது ஒலக்கை. கூட்டியது சரி என்று முதலில் பாராட்டிவிட்டு, "நம் வீட்டு மொளகாதான் இது; புத்தகத்தில் இவ்வாறு எழுதுவார்கள்" என்று ஒரு பாலம் போட்டுக் கொடுக்கவேண்டும். வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று இகழ்ந்தால் குழந்தை வாயையே மூடிக்கொள்ளும். பழம் என்பதைப் பளம் என்று படிக்கும் குழந்தைக்கு எழுத்துத் தெரிந்திருக்கிறது. நாக்குப் பயிற்சிதான் வேண்டும். இவ்விரண்டையும் ஆசிரியர்கள் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆதலால் தொடக்கத்தில் பேச்சிலும் எழுத்திலும் மாறாத சொற்களைத் தேர்ந்தெடுப்பது நலம். அகரத்தில் தொடங்கி வரிசையாக முடித்த பின்னரே சொல் என்று காத்திருக்கவும் வேண்டாம். ப, ட, ம என்ற மூன்று எழுத்துகளோடு புள்ளியையும் காலையும் கற்பித்தால் படம், பாடம், பட்டம், மாடம், பட்டா ஆகிய சொற்கள் கிடைக்கின்றன. இகர, உகரக் குறிகளைச் சேர்த்தால் படி, மாடி, பாட்டி, மாடு, பாட்டு என்பன வந்துவிடும். மூன்றே எழுத்துகளில் பாட்டியையும் மாட்டையும் படித்துவிட்ட குழந்தை, மறுநாள் பள்ளிக்கு வராமல் இருக்குமா?

தமிழ்நாடு அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது, முதல் மூன்று வகுப்புகளில் இந்த அடித்தளத்தை உறுதிசெய்வதற்கே. அட்டைகள், படங்கள், பாடல்கள், பயிற்சி நூல்கள் ஆகியவை அதற்கெனத் தயாரிக்கப்பட்டன. ஆனால் கருவி இல்லை என்று எவரும் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒரு பிடி மணல் போதும். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றின் கண்காணிப்பாளராக இருந்தார். நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இசையாதபொழுது, எட்டு வயது மதிக்கத்தக்க மாணவன் ஒருவனைக் கொண்டே சிறுவர்களுக்கு எழுத்தைக் கற்பித்தார். 1797-இல் இதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடனேயே அது அந்நாட்டில் பரவிற்று. கை எழுதும்பொழுதே வாய் ஒலிக்கவேண்டும். அப்பொழுதுதான் மணல் பயன் தரும். வாய்மூடி எழுதுவது வெறும் கோலம்.

ஊராட்சி செய்யத்தக்கவை சில உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோரும் பாதுகாவலருமாக இருக்கவேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டங்களில் சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைப் பேசுவதோடு, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் புதிய பத்தி ஒன்றைத் தாமே படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்கும்பொழுது பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியரைக் கடிந்துகொள்ளவேண்டாம். தெருப் பலகைகளையும் குடிநீர்த் தொட்டியின் பெயரையும் பெரிய எழுத்தில், பிழையின்றி எழுதச் செய்யுங்கள். தெருவில் நடக்கும் குழந்தை கூட்டிப் பார்க்க அவையும் பாடநூலே.

பெரியவர்களையும் மறந்துவிடலாகாது. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கென 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. கையெழுத்துப் போடக் கற்றவுடன் நிறுத்திவிடுவோர் பலர். பூச்சிமருந்துப் புட்டியை எண்ணிப் பாருங்கள். அதன் மேலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் நஞ்சின் கடுமையைப் படிக்காதவருக்கும் உணர்த்தும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்பதையும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் முக்கோணம் சொல்லாது. அவை எழுத்தில் இருக்கின்றன. பெரியவர்களுக்குக் குழந்தையினும் சொல்வளம் மிகுதி. கூட்டும் வித்தை பிடிபட்டால் விரைந்து முன்னேறுவார்கள். அவர்களுக்கு 'பட்டா' என்ற சொல்லையே முதல் பாடமாக வைக்கலாம். தம் நிலத்தின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்று தாமே அறிய விரும்பாத உழவர் உண்டோ?

நாளை பள்ளிக்குச் செல்பவர்கள் ஒரு சிறு தாளில் ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு போங்கள்: மாடு, பாட்டி, படம், படுமி, மாபிடு. பின்னவை இரண்டும் பொய்ச் சொற்கள் என்பதைக் குழந்தையிடம் முன்னரே சொல்லிவிடவேண்டாம். மூன்றைப் படித்துவிட்டுப் பின்னிரண்டில் மாட்டிக்கொண்டால், ஆசிரியரிடம் தனியே தெரிவியுங்கள். "மாபிடு" என்று தெளிவாகப் படித்துவிட்டு, "அப்படி ஒரு சொல் உண்டா, ஐயா?" என்று அது உங்களையே கேட்டால், அந்தக் குழந்தையைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.