நடுங்கும் கரங்களுக்கு அறுவைச் சிகிச்சை
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பார்க்கின்சன் வியாதிக்கு மூளையில் ஆபரேஷன் உண்டாமே, செய்தால் பூரண சுகம் கிடைக்குமா என்று சபைகளில் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சுகம் வேறு, இலகு வேறு. ஆபரேஷன் தருவது இலகு. கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவின் மந்தம் ஆகியவை குறையும். மூளையின் உயிரணுக்கள் அழிவதோ நிற்காது.

இச்சிகிச்சை வளர ஒரு விபத்தும் காரணமாயிற்று. 1952-ல் நியூயார்க்கில் டாக்டர் இர்விங் கூப்பர் இந்நோயாளி ஒருவருக்கு ஆபரேஷன் செய்கையில் ஓர் இரத்தக்குழாய் கிழிந்தது. அதைக் கட்டிவிட்டு, எண்ணியதைச் செய்யாமலே நிறுத்திவிட்டார். நோயாளி விழித்தபோது நடுக்கமும் விறைப்பும் இல்லை; கைகால் பலமும் குன்றவில்லை! பின்னர் மூளையின் ஆழத்தில் சிறு புள்ளியைச் சுட்டு அழிக்கும் முறை பரவியது. நமது சென்னையிலும் 1960-களில் டாக்டர் பி. ராமமூர்த்தி குழுவினர் இத்தகைய ஆபரேஷன்களைச் செய்தார்கள். லெவோடோபா மாத்திரை வந்ததும் கத்திக்கு வேலை குறைந்தது. ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல, மாத்திரையின் பலன் சீக்கிரமே தீர்ந்துபோவதும், உடல் தானாக நெளிவதும் பலருக்கு நேரிட்டன.

1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபித், சுடாமலே, மெல்லிய மின்கம்பியை உள்ளேயே விட்டுவைத்து, இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கினார். இப்போது அதிகம் செய்யப்படுவது இதுவே. மார்புத் தோலுக்கடியில் பேட்டரி இருக்கும்.

அநேக இடங்களில் நோயாளியை விழிக்க வைத்தே செய்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. தோலை மட்டும் மரக்கச் செய்கிறார்கள். "ஐயா, கையைத் தூக்குங்க, விரலை மடக்குங்க" என்று டாக்டர் சொல்லச் சொல்ல, நடுக்கம் அடங்கும் இடத்தைத் தேடுகிறார்கள். முந்தின இரவில் ஜெபிக்க அழைக்கப்படும்போது, மரணத்தைவிட இந்த விழிப்பைக் குறித்தே அதிகம் பயப்படுகிறார்கள். நடக்கப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னால் பயம் பாதி இறங்குகிறது.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரைப் பிள்ளைகள் நிலம் விற்ற பணத்தோடு அழைத்து வந்தார்கள். அவருக்கு அடிக்கடி விழுவதும் மறதியுமே பெரும் தொல்லை. மாத்திரையாலும் பெரிதாகப் பலனில்லை. டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். பணம் போதாதோ என்று பிள்ளைகள் கண்ணீர்விட்டார்கள். விஷயம் அதுவல்ல. மாத்திரைக்கு இளகும் விறைப்பும் மந்தமுமே பெரும்பாலும் ஆபரேஷனுக்கும் இளகும். நடுக்கம் மட்டும் அதற்கு விலக்கு. தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி ஆகியவற்றுக்கு அது உதவாது. மறதியுள்ளவருக்குத் தீங்கும் செய்யலாம். மூளையில் இரத்தம் கசியும் ஆபத்தும், சிலருக்கே ஆனாலும், உண்டு. இதைப் புரியவைக்க எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. நிலத்துப் பணம் அவரைக் கவனிக்க ஓர் ஆளை வைக்க உதவியது.

சாட்சிக் கூட்டங்களில் இதை அற்புதம் என்று அறிவிக்கத் துடிப்பவர்களிடம், கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம். நன்றி சொல்வதில் தடையில்லை. கேட்கும் அடுத்த குடும்பம் என்ன எதிர்பார்த்து வரும் என்பதே எங்கள் கவலை. கம்பி வைத்தபின் மின்துடிப்பின் அளவைச் சரிசெய்யப் பல மாதங்கள் வந்துபோக வேண்டும். சாதாரணப் பேட்டரியைச் சில வருஷங்களில் மாற்ற வேண்டும், மறுபடி செலவு. சம்மதக் கையெழுத்திடும் முன்னமே இவற்றைக் குடும்பத்தாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம், பஸ் கட்டணம் உட்பட.