காதோரத் தாடை வலி: பல்லைப் பிடுங்கும் முன்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பல் மருத்துவர் ஒருவர் பேசியது)

எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. அதனால் ஒரே ஒரு வலியைப் பற்றி மட்டும் பேசறேன்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்க. ஏதோ அசையுதா? அதுதான் தாடை மூட்டு. பேச, மெல்ல, கொட்டாவி விட என்று நாள் முழுக்க அதற்கு வேலை. அந்த மூட்டோ, அதை இழுக்கிற தசையோ வலித்தால் காது வலி மாதிரி இருக்கும்; கடைவாய்ப் பல் வலி மாதிரியும் இருக்கும். ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம். என்னிடம் வந்த ஒரு அக்கா குழுவில் உள்கடன் வாங்கி, வேறொரு இடத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். பல்லும் போச்சு, பணமும் போச்சு, வலி மட்டும் போகலை.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கவலையில் தெரியாமலே பல்லை இறுக்குவது, தாடையில் அடிபடுவது, இதெல்லாம் காரணமாகலாம். (தவணை கட்டும் நாளில் யாருக்குத்தான் பல் இறுகாது!)

"எச்சிலை வைத்தே கண்டுபிடிக்கலாமாமே டாக்டர்?" என்று நிர்வாகி ஒருத்தர் கேட்டாங்க. நல்ல கேள்வி. பழைய முறுக்கில் ஒரு சிக்கு வாடை வருமில்லையா, அது எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருவது. நம் உடம்புத் திசுவில் இருக்கிற கொழுப்பும் அதே மாதிரி கெடும். அப்போது மலோன்டையால்டிகைடு என்ற பொருள் மிஞ்சும். அதைத் தடுக்கிற யூரிக் அமிலம் போன்ற பொருள்களும் எச்சிலிலேயே இருக்கு. தடுக்கிறதை விடக் கெடுக்கிறது மிஞ்சினால் அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

தாடை வலி உள்ளவர்களின் எச்சிலை வைத்துப் பிரேசில் உட்படப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்காங்க. சில ஆய்வுகளில் தடுக்கும் சக்தி குறைந்திருந்தது. ஆனால் ஈறில் ரத்தம் வந்தாலும், புகையிலை போட்டாலும் எச்சில் மாறிவிடும். காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. அதனால் அது ஆராய்ச்சிக்கு உதவும், உங்க வலிக்கு இதுதான் காரணம் என்று சொல்லாது. யாராவது அந்தப் பரிசோதனைக்கோ, 'ஆன்டி ஆக்சிடன்ட்' மாத்திரைக்கோ பணம் கேட்டால் கொடுக்காதீங்க. கையால் தொட்டுப் பார்த்து, வாய் எவ்வளவு திறக்குது என்று அளந்து, நாலு கேள்வி கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வலி இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுங்க. முறுக்கு, கரும்பு கொஞ்ச நாளைக்கு வேண்டாம். குழைந்த சோறு, கூழ் போதும். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே குறையும். குறையலைன்னா அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்க. எக்ஸ்ரே எடுத்து, பல்தான் காரணம் என்று உறுதியாகாமல் பிடுங்கச் சம்மதிக்காதீங்க.

பாக்கு போடுகிறவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது. வெங்காயம் அறுக்கும்போதும், பருத்தி எடுக்கும்போதும் வாயில் பாக்கை அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. பாக்கினால் கன்னத்தின் உள்பக்கம் கயிறு மாதிரி இறுகி, வாய் திறப்பது குறையும். காரம் பட்டால் எரியும். உங்க மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்க. நுழையலைன்னாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலோ உடனே காட்டணும்.

இன்னொன்று. வேலை செய்யும்போது தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது பல் டாக்டரைத் தேட வேண்டாம், 108க்குப் போன் போடுங்க.